ஊமை ராணிக்கு யாரும் எழுத்துக் கற்பிக்கவில்லை

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைக் குறை சொல்லப் புறப்பட்டால் சண்டைக்கு வர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு ஒக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடராகத் தொடங்கி 1954 வரை ஓடிய கதை அது. ஐந்து பாகங்களாகப் புத்தகமாகி எழுபது வருடங்களாக விற்றுக்கொண்டிருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு விரும்பிய பதிப்பகமெல்லாம் அதை அச்சிடுகின்றது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டில் ஒரு புத்தகமும் மிஞ்சாத குடும்பங்களில்கூட அதன் கதை தெரிந்த ஒரு அம்மம்மா இருப்பார்.

எமது நிலையத்துக்கு வரும் பெண்கள் அதைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம் படம்தான். மணிரத்னத்தின் முதலாவது படம் 2022 செப்டெம்பர் கடைசியில் வந்தது. அது எப்படிப்பட்ட காலம் என்பது மன்னார்க் கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. தொழிலுக்குப் போகாத ஆண்களும், நண்டு கழற்ற வலை வராத பெண்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே கைபேசியைச் சுற்றி இருந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் இரண்டாவது படமும் வந்து போனது. படத்தில் கதை விளங்கவில்லை, புத்தகத்தைக் கொண்டு வாங்க மிஸ் என்றார்கள். ஐந்து பாகங்களையும் இரவல் வாங்கி வந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கதையில் எமது ஊர் வருகிறது. இரண்டாம் பாகத்தில் மாதோட்டத்துக்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. திருக்கேதீச்சரமும் பாலாவியும் வருகின்றன. சோழச் சேனாதிபதி மாதோட்டத்தில்தான் இருக்கிறார். தங்கள் ஊர் அச்சில் வந்திருக்கும் புத்தகத்தை வாசிக்க யாருக்குத்தான் ஆசை வராது?

சனிக்கிழமை பின்னேரங்களில், சேமிப்புக் குழுக் கணக்கு முடிந்த பிறகு, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்போம். பேசாலை, வங்காலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு என்று பல இடத்துப் பெண்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் எங்கே என்று இன்றுவரை தெரியாதவர்கள், 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது சிறுமியாகப் புத்தளம் போய், யுத்தம் முடிந்த பின் பிள்ளைகளோடு திரும்பி வந்தவர்கள். கைகள் சும்மா இருப்பதில்லை. ஒருவர் பனையோலைப் பெட்டி இழைப்பார், இன்னொருவர் சட்டைக்குப் பொத்தான் தைப்பார். 2009இல் ஷெல் விழுந்து இரண்டு காதும் கேளாமற் போன ஒரு தங்கச்சியும் வருவார். மற்றவர்கள் கேட்கும் அத்தியாயத்தை அவர் தானே எடுத்து வாசித்துவிடுவதால் எப்போதும் எங்களுக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் இருப்பார். தனக்குப் பட்டதைக் கொப்பியில் எழுதிக் காட்டுவார்.

முதலில் நடையைப் பற்றிச் சொல்கிறேன். சத்தமாக வாசிக்கும்போது ஒரு புத்தகத்தின் குணம் தெரிந்துவிடும். தனியே இருந்து வாசிப்பவர் தாவிப் போய்விடும் இடங்களை வாய்விட்டு வாசிப்பவரால் தாவ முடியாது. மூன்றாவது வாரமே, வாசித்துக்கொண்டிருந்த வங்காலை அக்கா நிமிர்ந்து, “இதைப் போன கிழமையும் வாசிச்சமே மிஸ்” என்றார். உண்மைதான். ஒருவர் அறிந்த செய்தியை இன்னொருவருக்குச் சொல்வார், அவர் மூன்றாமவருக்குச் சொல்வார், மூன்று தடவையும் நாங்கள் கேட்க வேண்டும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது தூணுக்குப் பின்னாலோ மதிலுக்கு அப்பாலோ மறைந்திருந்து ஒட்டுக் கேட்கிறார்கள். சோழநாட்டு இரகசியம் ஒன்றாவது ஒட்டுக் கேட்கப்படாமல் இருந்ததா என்று ஒரு பிள்ளை கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். இடையிடையே ஆசிரியரே வந்து வாசகர்களோடு பேசுகிறார், முன்னர் நடந்ததை ஞாபகப்படுத்துகிறார், இனி வரப்போவதற்குத் தயாராகச் சொல்கிறார். உச்சமான இடத்தில் அத்தியாயத்தை வெட்டிவிட்டு, அடுத்ததில் வேறு ஊரின் இயற்கைக் காட்சியைச் சொல்லத் தொடங்குகிறார்.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. அது வாரத் தொடர். மூன்றரை வருடங்கள், கிழமைக்கு ஒரு தடவை, கடையில் வந்து இறங்கும் இதழுக்காகக் காத்திருந்த வாசகர்களுக்கு எழுதப்பட்டது. இடையில் இரண்டு இதழ்களைத் தவறவிட்டவருக்கும் கதை விளங்க வேண்டும், அடுத்த இதழையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த வேலையைக் கல்கி கெட்டித்தனமாகச் செய்தார். பண்டிதத் தமிழுக்குப் பயந்திருந்த எத்தனையோ வீட்டுப் பெண்கள் அவரை வாசித்துத்தான் வாசிப்புக்கே வந்தார்கள் என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் அதே எழுத்தைப் புத்தகமாகக் கட்டி, தமிழின் ஆகச் சிறந்த நாவல் இதுதான் என்று தலையில் வைக்கும்போது, தொடர்கதைக்கு உதவிய தந்திரமெல்லாம் வாசிப்பவருக்குச் சுமையாகிவிடுகிறது. ஆயிரம் பக்கத்தில் சொல்லக்கூடியதை இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் இழுத்தார் என்பது என் அபிப்பிராயம். இதை ஏற்காதவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். “எனக்கு அந்த இழுவைதான் பிடிக்கும், கிழமையில ஒரு நாள் வேற ஊருக்குப் போய் வாற மாதிரி” என்றார் ஓர் அக்கா. அதுவும் சரிதான்.

கடல் வரும் இடங்களில் எங்கள் பெண்கள் யாரையும் விட்டுவைக்கவில்லை. பூங்குழலி கோடிக்கரையிலிருந்து தனியே படகு வலித்து வந்தியத்தேவனை இலங்கைக் கரைக்குக் கொண்டுவந்து விடுகிறாள். கதை தொடங்குவது ஆடி 18. “ஆடி ஆவணியில சோழகம் அடிக்கும் பிள்ளை. அதுக்கு முகம் கொடுத்துத் தனிய ஒருத்தி வலிக்கிறதெண்டா?” என்று ஓர் ஆச்சி தலையை ஆட்டினார். ஆனாலும் பூங்குழலியை அவருக்குப் பிடித்திருந்தது. புயலுக்குள் படகைக் கொண்டுபோய் இளவரசனையும் அவன் நண்பனையும் காப்பாற்றும் இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

பெண்களை வர்ணிக்கும் இடங்களில்தான் எனக்கு அலுப்பு ஆத்திரமாக மாறியது. குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். ஒருத்தி சோழநாட்டு அரசியலை உள்ளிருந்து நடத்துபவள், மற்றவள் அதைக் கவிழ்க்கத் திட்டம் போடுபவள். இருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று அறியக் காத்திருக்கும் எமக்கு, இருவருடைய நிறமும் முகவெட்டும் கண்ணும் மூக்கும் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுக் காட்டப்படுகின்றன. கலியாணத் தரகர் இரண்டு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதைப் போல இருக்கிறது. வானதி எதற்கெடுத்தாலும் மயங்கி விழுகிறாள். மன்னாரில் அப்படி மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்றார் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தவர், ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இவையெல்லாம் சிரித்துக் கடந்துபோகக் கூடியவை. நந்தினியின் விடயம் அப்படியல்ல.

நந்தினி யார் என்பதை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வளர்ந்த இடத்திலிருந்து அகற்றப்பட்டவள். ஆதித்த கரிகாலன் அவளை விரும்பினான். பெரிய இடத்துக்கு அவள் பொருத்தமில்லை என்று பிரிக்கப்பட்டாள். பிறகு, போரில் காயப்பட்டு ஒளிந்திருந்த வீரபாண்டியனை அவள் காப்பாற்றப் பார்க்கிறாள். உயிர்ப்பிச்சை கேட்டுக் கரிகாலனிடம் கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை. அவள் கண்முன்னாலேயே தலையை வெட்டுகிறான். அதன் பின்னர் வயது முதிர்ந்த பெரிய பழுவேட்டரையரை மணந்து அரண்மனைக்குள் வந்து பழிவாங்கக் காத்திருக்கிறாள்.

அந்தத் தலை வெட்டும் பகுதியை வாசித்த அன்று எங்கள் மண்டபத்தில் சத்தமே இல்லை. வாசித்தவர் நிறுத்திவிட்டார். யாரும் தொடரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கணவனைத் தேடிப் பதினைந்து வருடங்களாகப் படத்தோடு திரியும் ஓர் அக்கா, “அவள் விடச் சொல்லிக் கேட்டாள்தானே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று அத்தோடு எழும்பினோம்.

ஒரு பெண், தன் ஆளைத் தன் கண்முன்னால் கொன்றதைப் பார்த்தவள். அவளுடைய துக்கத்தையும் கோபத்தையும் வைத்து இந்த நாவல் என்ன செய்கிறது? அவளைப் பாம்பாக்குகிறது. அவள் சிரித்தால் விஷம், பேசினால் மாயம், அவளைப் பார்த்த ஆண்கள் எல்லாம் புத்தி மாறிப் போகிறார்கள். பெரிய பழுவேட்டரையர் கெட்டதற்கு அவள் காரணம், கரிகாலன் மனம் குழம்பியதற்கு அவள் காரணம், பார்த்திபேந்திரன் தடம் புரண்டதற்கும் அவளே காரணம். வெட்டியவனுக்கோ மனச்சாட்சி உறுத்துகிறது. அந்த உறுத்தலைச் சொல்ல ஆசிரியர் எத்தனையோ பக்கங்களை ஒதுக்குகிறார், எங்களுக்கும் அவன்மேல் இரக்கம் வரச் செய்கிறார். கொன்றவனின் வேதனை பெருந்துயரம், இழந்தவளின் வேதனை சதி! எமது பிரதேசத்தில் இந்தக் கணக்கை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம்.

சரித்திரத்துக்கு நந்தினியைத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். வீரபாண்டியன் தலை கொண்டவன் என்ற பட்டம் ஆதித்த கரிகாலனுக்கு இருந்தது கல்வெட்டுகளில் உள்ளது. அவன் கொலையுண்டதைப் பற்றிக் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் ஆட்சித் தொடக்கத்தைச் சேர்ந்தது. துரோகிகள் என்று அது பெயர் சொல்வது சோமன், அவனுடைய தம்பி இரவிதாசன், பரமேசுவரன் ஆகிய ஆண்களை. அவர்கள் அரச பட்டங்களைப் பெற்றிருந்த அதிகாரிகள். அவர்களுடைய சொத்தும் உறவினரின் சொத்தும் பறிக்கப்பட்ட விபரம் அதில் வருகிறது. சதியின் மையத்தில் ஓர் அழகியை உட்கார வைத்தது கல்கியின் கற்பனை. கற்பனை செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஆண்கள் செய்த அரசியல் கொலை ஒன்றுக்குக் காரணம் தேடும்போது எமது கதாசிரியர்களுக்கு உடனே கண்ணில் படுவது ஒரு பெண்ணாக இருப்பது ஏன் என்று கேட்க எமக்கும் உரிமை உண்டு.

இது வெறும் புத்தகப் பிரச்சினை அல்ல. படம் வந்த பின்னர், எங்களோடு வேலை செய்யும் ஒரு கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு ‘நந்தினி’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். யுத்தத்தில் கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். தன்னைவிட இருபது வயது மூத்த ஒரு கருவாட்டு வியாபாரியை மறுமணம் செய்தார். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக்கு ஒரு கதவுக்கும் ஆகத்தான் செய்தார், அதை மறைக்கவும் இல்லை. சந்தைக்குப் போனால் இளைஞர்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வியாபாரியின் மூத்த தாரத்துப் பிள்ளைகள் சொத்துக்காகத்தான் வந்தாள் என்று சண்டைக்கு நிற்கிறார்கள். படத்தையோ புத்தகத்தையோ பார்த்திராதவர்களும் அந்தப் பெயரின் அர்த்தத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு கதை ஊருக்குள் இப்படித்தான் வேலை செய்யும். நாங்கள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இதற்கு நீண்ட நீண்ட சொற்கள் இருந்தன. சந்தைக்கு ஒரு பட்டப்பெயர் போதும்.

இனி மந்தாகினி. ‘ஊமை ராணி’ என்று நாவல் அழைப்பது இவளைத்தான். கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்பவரின் சகோதரி, பூங்குழலிக்கு அத்தை, பிறவியிலேயே செவியும் பேச்சும் இல்லாதவள். இளமையில் ஒரு தீவில் கரையொதுங்கிய சுந்தர சோழனை அவள் காப்பாற்றுகிறாள். இருவரும் அன்புகொள்கிறார்கள். அவன் நாட்டுக்கு அழைக்கப்பட்டு இளவரசுப் பட்டம் ஏற்றதும் அவள் கதை முடிந்துவிடுகிறது. அவள் இறந்துவிட்டாள் என்றே அவனுக்குச் சொல்லப்படுகிறது. அவள் பிறகு அரண்மனைக்குள் வந்தால்கூடப் பேய் என்று நினைக்கிறான். கடைசியில் அவனைக் கொல்ல எறியப்பட்ட வேலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு இறக்கிறாள்.

படத்தில் நந்தினியாகவும் மந்தாகினியாகவும் ஐஸ்வர்யா ராய் ஒருவரே நடித்தார். தாயும் மகளும் என்பதால் அப்படி. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிந்தது. பேசத் தெரிந்தவள் நச்சுப்பாம்பு, பேச முடியாதவள் தெய்வம்.

எங்கள் காது கேளாத தங்கச்சி மந்தாகினி வரும் பகுதிகளை மற்றவர்களுக்கு முன்பாகவே வாசித்து முடித்திருந்தார். அநுராதபுரத்தில், தான் சுவரில் தீட்டிய சித்திரங்களை அருள்மொழிக்குக் காட்டி, அவனுடைய குழந்தைப் பருவத்தில் காவேரியில் விழுந்தவனைத் தூக்கியது தானே என்று மந்தாகினி விளங்கவைக்கிறாள். நாவலில் அவள் தன் கதையைத் தானே சொல்லும் இடம் அது. கல்கி அதை நன்றாகவே எழுதியிருக்கிறார், அந்தப் பக்கங்களுக்காக மற்ற எத்தனையோ பக்கங்களை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தங்கச்சியின் கொப்பியில் வேறு விதமாக இருந்தது. இவ்வளவு வடிவாகப் படம் கீறத் தெரிந்தவளுக்கு ஏன் ஒருவரும் எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, எழுதத் தெரிந்திருந்தால் ராசாவுக்கு ஓலை அனுப்பியிருப்பாள், கதை முதலாம் பாகத்திலேயே முடிந்திருக்கும் என்று.

நான் இந்த நாவலைப் பற்றிய கட்டுரைகள் பல வாசித்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எங்கும் பார்த்ததில்லை. கதையில் ஓலைகளுக்குக் குறைவில்லை. ஓலைதான் கதையை நடத்துகிறது. வந்தியத்தேவன் கரிகாலனின் ஓலைகளைத் தூக்கிக்கொண்டுதான் முதல் அத்தியாயத்தில் வீரநாராயண ஏரிக்கரைக்கு வருகிறான். ஆனால் மந்தாகினிக்கு ஒரு எழுத்தாவது கற்பித்தால் அவள் மர்மம் கெட்டுவிடும். அவள் வாயில்லாமல் இருப்பது கதைக்குத் தேவைப்படுகிறது. உடன்பிறந்தவளான வாணியையும் கல்கி வாய்பேசாதவளாகவே படைத்திருக்கிறார். இரகசியத்தைக் காப்பாற்ற இரண்டு பெண்களின் வாயை அடைப்பது சுலபமான வழி. தங்கச்சியோ 2010இலிருந்து வைத்தியசாலை, பிரதேச செயலகம், வங்கி என்று எல்லா இடத்திலும் கொப்பியோடு போய் எழுதிக் கேட்டுத் தன் காரியங்களைச் செய்துகொண்டவர். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் கொப்பியைப் பார்க்காமல், கூட வந்தவரிடம் “இவவுக்கு என்ன வேணும்?” என்று கேட்பது எத்தனை தரம் நடந்திருக்கிறது. சில இடங்களில் ‘ஊமை’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ராணி’ என்று சேர்த்தால் மரியாதை வந்துவிடாது.

கடற்கரைச் சனங்களைப் பற்றி நாவல் என்ன நினைக்கிறது என்பது குழந்தைகள் மாறிய கதையில் வெளிப்படுகிறது. செம்பியன் மாதேவியின் குழந்தை இறந்து பிறந்ததாக நினைத்து அகற்றப்படுகிறது. அது பிழைத்து, வாணியின் குடிசையில் சேந்தன் அமுதனாக வளர்கிறது. மந்தாகினி பெற்ற ஆண்குழந்தை அரண்மனையில் மதுராந்தகனாக வளர்கிறது. பூக்கட்டிப் பிழைக்கும் குடிசையில் வளர்ந்த அரச இரத்தம் பக்தியும் பண்பும் கொண்டதாகிறது. உத்தமமான தாயின் கையில் அரண்மனையில் வளர்ந்த ஓடக்காரியின் பிள்ளையோ பதவி ஆசையும் கோழைத்தனமும் பிடித்து எதிரிகளோடு சேர்கிறது. வளர்ப்பு எதையும் மாற்றவில்லை, எல்லாம் பிறப்பு என்கிறது கதை. பூங்குழலி கடைசியில் ராணியாகிறாள் என்று சந்தோசப்பட்டவர்கள் எங்களில் இருந்தார்கள். அவள் தன் தகுதியால் ஆகவில்லை, அவள் மணந்தவன் அரசனின் பிள்ளையென்று தெரியவந்ததால் ஆனாள் என்பதைச் சொன்னவுடன், “அப்ப நாங்க பெத்தது எல்லாம் அப்படித்தானா?” என்று ஆச்சி கோபித்துக்கொண்டார். அவருடைய பேத்தி போன வருடம் தாதியர் பயிற்சிக்கு எடுபட்டவள்.

எருக்கலம்பிட்டி அக்காவுக்கு வேறொரு மனத்தாங்கல். நாவலில் அராபியர் வருகிறார்கள். கப்பலில் ஏறிக் கொலை செய்யும் முரடர்களாக, கொச்சைத் தமிழ் பேசுபவர்களாக. “எங்கட மூத்தாக்கள் கப்பலில வந்தவங்க எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. வந்தவங்க எல்லாரும் கத்தியோடதான் வந்தாங்களா மிஸ்?” என்றார். மாந்தையில் 1980 முதல் 1984 வரை, யுத்தம் வந்து நிறுத்தும்வரை, ஜோன் காஸ்வெல் என்பவரின் தலைமையில் அகழ்வாராய்ச்சி நடந்தது. மேற்காசியப் பாண்டங்களின் துண்டுகளும் சீனப் பாண்டங்களின் துண்டுகளும் அங்கே கிடைத்தன. பாண்டமும் துணியும் முத்தும் விற்று வாங்கிய மனிதர்கள் மாதோட்டத்துக்கு வந்து போனார்கள் என்பதற்கு மண்ணே சாட்சி. அந்த மனிதர்களில் ஒருவரையாவது நல்லவராகக் காட்டக் கதையில் இடம் இல்லாமற் போய்விட்டது. அந்த அக்காவுடைய வாப்பா 1990இல் பூட்டிவிட்டுப் போன கடையின் திறப்பை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஏமாற்றம் தந்தது நாவலில் வரும் இலங்கை யுத்தம். சோழப்படை இந்நாட்டில் வருடக்கணக்காக நிற்கிறது. இளவரசர் அருள்மொழி குடிமக்களைத் தொடவேண்டாம் என்கிறார், படைக்கு உணவு சோழநாட்டிலிருந்து வரவேண்டும் என்கிறார், இடிந்த விகாரைகளைத் திருத்திக் கொடுக்கிறார். பிக்குமார் முடியைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். ஒரு கிராமம் எரிவதை, ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவதை, ஒரு கிணறு பாழாவதை நாம் பார்ப்பதில்லை. சிங்களப் பெண் ஒருத்தியாவது வந்து ஒரு வார்த்தை பேசினாளா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

அந்த இளவரசர் இராசராசனாக முடிசூடியது 985இல். அவருடைய படை 993 அளவில் இலங்கைக்கு வந்தது. அநுராதபுரம் தலைநகராக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. பொலன்னறுவை சோழரின் இடமாயிற்று. 1017இல் மகன் இராசேந்திரனின் காலத்தில் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டதையும் தாதுகோபங்கள் உடைக்கப்பட்டதையும் சூளவம்சம் சொல்கிறது. அதை எழுதியவர்கள் பிக்குமார், அந்த நூலுக்கும் அதற்கேயுரிய சாய்வுகள் உண்டு, அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு படை ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமக்கு நூல் தேவையில்லை. மாதோட்டத்துக்கு அக்காலத்தில் இராசராசபுரம் என்று பெயர் மாற்றப்பட்டதும், சோழநாட்டவனான தாழி குமரன் என்பவன் இங்கே இராசராசேச்சரம் என்ற கோயிலைக் கட்டியதும் கல்வெட்டில் இருக்கின்றன. ஊரின் பெயரை மாற்றுவது யார், யாருடைய ஊரை மாற்றுகிறார்கள் என்பது எங்களுக்குப் பழக்கமான கேள்வி. அதைத் தமிழர் செய்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

2013 டிசெம்பரில் திருக்கேதீச்சரத்துக்கு அருகே தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. தொடர்ந்து தோண்டியதில் 80க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. மாதோட்டத்து அத்தியாயத்தை வாசித்த அன்று, கோயிலின் சிறப்பும் பாலாவியின் அழகும் வரும் பக்கங்களில், எங்களில் சிலர் வேறெதையோ நினைத்துக்கொண்டு இருந்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. கல்கி அதற்குப் பொறுப்பல்ல, அவர் 1954 டிசெம்பரிலேயே காலமாகிவிட்டார். ஆனால் எங்கள் மண்ணைப் பற்றிய இவ்வளவு இனிமையான தமிழ் அன்று எங்கள் காதில் ஏறவில்லை.

இதெல்லாம் கதைதானே, எழுபது வருடத்துக்கு முன் எழுதியதை இன்றைய கண்ணால் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என்னுடன் வேலை செய்யும் ஓர் அண்ணா அப்படித்தான் கேட்டார். அவருக்கு நான் ‘அலை ஓசை’யை ஞாபகப்படுத்தினேன். பொன்னியின் செல்வனுக்குச் சற்று முன்னர், 1948இலும் 1949இலும் இதே கல்கி எழுதிய நாவல். இந்தியப் பிரிவினைக் கலவரமும் அகதிகளும் வருகிற கதை அது. அவர் இறந்த பின்னர், 1956இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றதும் அதுதான். வீடிழந்து ஓடும் சனங்களை, யுத்தம் பெண்களுக்கு என்ன செய்யும் என்பதை அறியாதவர் அல்லர் அவர். தன் காலத்துக் கலவரத்தைப் பார்த்த கண், ஆயிரம் வருடத்துக்கு முந்திய சோழர் பக்கம் திரும்பியதும் கொடியையும் யானையையும் மட்டும் பார்க்கிறது. ஆகவே அந்தக் காலத்து மனிதர் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த அண்ணா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து பாகத்தையும் மூன்று தரம் வாசித்தவர்.

புத்தகத்தை நாங்கள் பாதியில் விடவில்லை. ஐந்தாம் பாகத்தையும் வாசித்து முடித்துத்தான் திருப்பிக் கொடுத்தோம். கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டது பற்றி இரண்டு சனிக்கிழமை சண்டை நடந்தது. ‘நந்தினி’ என்று பெயர் வாங்கிய பெண்ணும் அந்த இரண்டு நாளும் வந்திருந்தார். அவள் கொல்லவில்லை என்ற கட்சியில் இருந்தார்.

இப்போது ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க்கரையில்’ கையில் இருக்கிறது. அக்கரையில், தமிழ்நாட்டின் தென்கரைக் கத்தோலிக்க மீனவரைப் பற்றிய நாவல். நந்தினியைப் போல அழகியும் இல்லை, ஒட்டுக் கேட்கத் தூண்களும் இல்லை. முதல் நாள் இருவர் கொட்டாவி விட்டார்கள். ஆனால் மீன்பாட்டிலிருந்து கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு பற்றிய தகராறு வந்ததும் பேசாலையும் வங்காலையும் விழித்துக்கொண்டன. எந்தக் கோயிலுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருடைய அப்பா கொடுக்க மறுத்தார் என்று ஒரு மணித்தியாலம் போய்விட்டது. வாசித்தது இரண்டு பக்கம்தான். தங்கச்சி வழமைபோல இரண்டு அத்தியாயம் முன்னால் இருக்கிறார், என்ன நடக்கும் என்று எழுதிக் காட்டவேண்டாம் என்று கொப்பியைப் பறித்து வைத்திருக்கிறோம்.